மணி பிளான்ட்டைத் தொங்க விடாதீர்கள், ஏற விடுங்கள்: முழுமையான வழிகாட்டி

புத்தக அலமாரியின் மேல்தட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த என் மணி பிளான்ட்டுக்கு மூன்று வயதானபோது, கொடி தரையைத் தொட்டுவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இலைகளைத் துடைக்கும்போதுதான் உறைத்தது: தொட்டியருகில் இருந்த இலைகள் உள்ளங்கை அளவு, நடுவில் இருந்தவை அதில் பாதி, நுனியில் இருந்தவை கட்டைவிரல் அளவு. கொடி நீண்டிருந்ததே ஒழிய, செடி தேறவே இல்லை.

அந்த நுனியையே வெட்டி, வேர்விடச் செய்து, வேறொரு தொட்டியில் நட்டு, சொரசொரப்பான ஒரு மரப்பலகையில் ஏற்றினேன். முதல் நாலைந்து இலைகள் அதே சின்ன அளவில்தான் வந்தன. அப்புறம் ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாக வர ஆரம்பித்தது. ஒரு வருடத்தில் விரித்த கை அளவுக்கு இலை விட்டது. அதே செடிதான், அதே ஜன்னல்தான். ஏறுவதற்கு ஒரு பிடி கிடைத்தது மட்டுமே வித்தியாசம்.

இந்த வழிகாட்டி மணி பிளான்ட்டை வைத்து எழுதியது. ஆனால் ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, சிண்டாப்சஸ் போன்ற நிழல்தாங்கிக் கொடிகளுக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். எல்லாமே சேம்புக் குடும்பத்துச் செடிகள்.

செடி எங்கிருந்து வந்தது, ஏன் அது முக்கியம்

மணி பிளான்ட்டின் சொந்த ஊர் பசிபிக் பெருங்கடலில் உள்ள மோரியா தீவு. 1880-இல் இதை முதலில் விவரித்தபோது போத்தோஸ் ஆரியஸ் என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு வேறு பேரினத்துக்கு மாற்றினாலும், போத்தோஸ் என்ற பழைய பெயர் நர்சரிகளை விட்டுப் போகவில்லை. இப்போதைய தாவரவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். இதில் முதல் பாதிக்கு கிரேக்கத்தில் ‘மரத்தண்டின் மேல்’ என்று பொருள். செடியின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

காட்டில் இது அடிநிழலில் தரையோடு ஊர்ந்து, ஒரு மரத்தைத் தேடிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கி ஏறும். 20 மீட்டர் வரை போகும். உச்சியில் அதன் இலை ஒரு மீட்டர் நீளம் வரை வளரும், ஓரங்கள் கிழித்துவிட்டதுபோல் பிளவுபட்டிருக்கும். வீட்டில் நாம் பார்க்கும் இதய வடிவச் சின்ன இலை, இந்தச் செடியின் குழந்தைப் பருவ இலை. பத்து வருடம் தொங்கவிட்டாலும் குழந்தையாகவே இருக்கும்.

பூ? மறந்துவிடுங்கள். இது தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-இல். பூக்கத் தேவையான ஜிப்ரெலின் என்ற ஹார்மோனைச் செடியால் போதுமான அளவு தயாரிக்க முடியவில்லை என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது பூத்தது. ஆக, நம் வீடுகளில் இருப்பதெல்லாம் துண்டு துண்டாக வெட்டிப் பெருக்கியவைதான்.

படி 1: இடம் பார்ப்பது

நிழலைத் தாங்கும் செடி என்பதை இருட்டில் வாழும் செடி என்று புரிந்துகொள்வதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. ஜன்னலே இல்லாத குளியலறையில் வைத்த மணி பிளான்ட் உடனே சாகாது. மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். நாமும் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நினைப்போம். உண்மையில் சேமிப்பைத் தின்று காலம் தள்ளிக்கொண்டிருக்கும்.

வெளிச்சத்தை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். பகலில், செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தால் நேர் வெயில், இலை கருகும். ஓரம் மங்கி, ஆனால் கை என்று அடையாளம் தெரிந்தால் அதுதான் சரியான இடம். நிழலே விழவில்லை என்றால் செடி பிழைக்கும், வளராது.

கிழக்கு ஜன்னல் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். காலை இளவெயில் ஒன்றும் செய்யாது. மேற்கு ஜன்னல் என்றால் ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள், அல்லது மெல்லிய திரை போடுங்கள்.

இலையில் மஞ்சளோ வெள்ளையோ கலந்த வகைகளுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது, பச்சைப் பகுதிதான் முழு இலைக்கும் சேர்த்து உழைக்கிறது. அதனால்தான் மார்பிள் குயின் போன்றவை மெதுவாக வளர்கின்றன. வெளிச்சம் குறைந்தால் புது இலைகள் பச்சையாகவே வரத் தொடங்கும். அப்படி வந்தால் இடத்தை மாற்றுங்கள். கூடவே, கடைசியாக நன்றாக வண்ணம் கலந்து வந்த இலை வரை கொடியைக் கத்தரித்து விடுங்கள்.

வெப்பநிலை 18 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் செடிக்குச் சுகம். 15-க்குக் கீழே வளர்ச்சி மந்தமாகும். 10-க்குக் கீழே இலைகளில் கருந்திட்டுகள் விழும். ஏசியின் குளிர்காற்று நேராக அடிக்கும் இடமும் ஹீட்டருக்குப் பக்கமும் வேண்டாம்.

படி 2: தொட்டி, மண்கலவை

தொட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது. ஓட்டையில்லாத அழகுத் தொட்டி பிடித்திருந்தால், ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதை அழகுத் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றியதும் உள்தொட்டியை எடுத்து வடியவிட்டுத் திரும்ப வையுங்கள்.

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று பலர் சொல்வார்கள். வடியாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய துளைகள் கொண்ட ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை. ஜல்லிக்கு மேலேயே ஈரம் தேங்கி நிற்கும். ஓட்டையில்லாத தொட்டியில் ஜல்லி போடுவது, வேர்களுக்குக் கீழே ஒரு குட்டையை வெட்டி வைப்பதுபோல.

இந்தக் கொடியின் வேர் மரப்பட்டையில் ஒட்டி, காற்றோடு பழகிய வேர். வெறும் தோட்டத்து மண் அதற்கு இறுக்கம். நான் பயன்படுத்துவது 4 பங்கு கோகோபீட் (தென்னைநார்த் தூள்), 2 பங்கு பெர்லைட் (எடையற்ற வெள்ளைக் கல் துகள்), 2 பங்கு மரப்பட்டைத் துண்டு, 1 பங்கு மண்புழு உரம். பட்டை கிடைக்கவில்லையென்றால் பெர்லைட்டைக் கூட்டிக்கொள்ளலாம். நனைத்த கலவையைக் கையில் பிடித்து அழுத்திவிட்டு விரலைத் திறந்தால் உதிர வேண்டும். கொழுக்கட்டைபோல் பிடித்த மேனிக்கு நின்றால் இன்னும் பெர்லைட் போடுங்கள்.

தொட்டி அளவில் ஆசை வேண்டாம். வேர்ப்பந்தைவிட 3 முதல் 5 சென்டிமீட்டர் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் நட்டால், வேர் எட்டாத மண்ணெல்லாம் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

படி 3: தண்ணீர்

என் முதல் மணி பிளான்ட்டைக் கொன்றது அன்புதான். தினமும் காலையில் ஒரு குவளை. ஒரு மாதத்தில் இலைகள் தொங்கின; தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு குவளை ஊற்றினேன். கடைசியில் செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது, வேரைத் தொட்டதும் மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்தது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிச்சம். சாக்கடை நாற்றம். வேரழுகல் என்ற சொல்லை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

‘வாரம் இரண்டு முறை’ போன்ற கணக்குகளை நம்பாதீர்கள். செடி எவ்வளவு குடிக்கும் என்பது வெளிச்சம், வெப்பம், தொட்டி, பருவம் எல்லாவற்றையும் பொறுத்தது. ஒரே வீட்டில் இரண்டு அறைகளில் இருக்கும் இரண்டு தொட்டிகள்கூட ஒரே நாளில் காய்வதில்லை. விரலை நம்புங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரமாக இருந்து மண் துகள் விரலில் ஒட்டினால், இன்று வேண்டாம். உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள். கொஞ்ச நாளில் விரலும் தேவைப்படாது. தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும்.

ஊற்றும்போது கஞ்சத்தனம் கூடாது. அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியேறும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கால் மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். அடிக்கடி கொஞ்சமாக அல்ல, எப்போதாவது முழுசாக.

தொங்கும் இலையைப் பார்த்ததும் குவளையை எடுக்காமல் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்து, இலை தளர்ந்து மெல்லியதாக இருந்தால் தாகம். ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டு, கூடவே மஞ்சளும் தெரிந்தால் வேர் அழுகுகிறது. இரண்டுக்கும் முகம் ஒன்று, மருந்து நேரெதிர்.

வேரழுகல் என்று தெரிந்தால் செடியை எடுத்து, பழைய மண்ணை உதறி, வேர்களைக் கழுவுங்கள். வெள்ளையாகவோ மண் நிறத்திலோ விறைப்பாக இருப்பது நல்ல வேர். கறுத்துக் கொழகொழத்ததையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, புதுக் கலவையில் சின்னத் தொட்டியில் நடுங்கள். வேர் முழுக்கப் போயிருந்தால் கவலை இல்லை. தண்டு பச்சையாக இருக்கும் பகுதியை வெட்டித் தண்ணீரில் போடலாம். அது படி 5.

கோகோபீட்டில் ஒரு குறும்பு உண்டு. முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைக் குடிக்க மறுக்கும்; ஊற்றியது தொட்டியின் ஓரமாக வழிந்து கீழே ஓடிவிடும். நாம் ஊற்றிவிட்டோம் என்று திருப்திப்படுவோம், வேர் காய்ந்தே கிடக்கும். அப்போது தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் இறக்கி வையுங்கள், அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

சில காலைகளில் இலை நுனியில் ஒரு சொட்டு நீர் கண்ணீர்போலத் தொங்கும். நோய் இல்லை. இரவில் வேர் ஏற்றிய தண்ணீர், செலவாக வழியில்லாமல் இலை நுனி வழியாகக் கசிகிறது. தினமும் சொட்டினால் மட்டும் அடுத்த முறை ஊற்றுவதை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

படி 4: ஏற்றுவது

கொடியை எடுத்துக் கண்ணருகில் வைத்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் வளையம்போல ஒரு கணு இருக்கும். அந்தக் கணுவில், இலைக்கு எதிர்ப்பக்கம், பழுப்பு நிறத்தில் மரு மாதிரி சின்னப் புடைப்பு தெரியும். அதுதான் காற்றுவேர். ஈரமான, சொரசொரப்பான பரப்பைத் தொட்டால் நீண்டு பற்றிக்கொள்ளும். தொடாவிட்டால் மருவாகவே காய்ந்துவிடும். அந்தக் காற்றுவேருக்குப் பிடிமானம் கொடுப்பதுதான் இந்தப் படியின் மொத்த வேலையும்.

ஏற்றுவதற்கு எது நல்லது? பாசி அடைத்த கம்பம், அதாவது மாஸ் ஸ்டிக், ஈரம் பிடித்து வைப்பதால் இலையை வேகமாகப் பெரிதாக்கும். ஆனால் காயவிட்டால் பயன் பாதியாகிவிடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை மேலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு இழைக்காத மரப்பலகை போதும். தென்னைநார் சுற்றிய கம்பு பார்வைக்கு அழகு, ஆனால் ஈரம் நிற்பதில்லை. அதைப் பலகைக்கு ஒரு படி கீழேதான் வைப்பேன். வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாயால் ஒன்றும் ஆகாது.

கம்பத்தை நடும்போதே தொட்டியின் அடி வரை இறக்கிவிடுங்கள். வளர்ந்த செடியில் பிறகு குத்தினால் வேரைக் கிழிக்கும். கம்பம் தொட்டியின் நடுவில் இல்லாமல் பின்பக்கம் இருந்தால் நல்லது. செடியின் முகம் வெளிச்சத்தைப் பார்க்கும், முதுகு கம்பத்தில் சாயும். தொட்டி கவிழாமல் இருக்க அடிக்கனம் வேண்டும், மண் தொட்டி அதற்கு உதவும்.

இனி கட்டுவது. பெரும்பாலோர் கொடியைக் கம்பத்தில் பாம்புபோல் சுற்றிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். சுற்றினால் பாதிக் கணுக்கள் வெளிப்பக்கம் பார்க்கும்; காற்றுவேருக்குப் பிடிமானம் கிடைக்காது. கொடியை நேராக மேலே நிமிர்த்தி, காற்றுவேர் உள்ள பக்கம் கம்பத்தில் படும்படி வைத்து, கணுவுக்குச் சற்று மேலே தண்டைக் கட்டுங்கள். மென்மையான துணி நாடா போதும், ஒரு சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் தளர்வு வேண்டும். இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். வெளிச்சத்தை நோக்கித் திரும்ப அதற்குச் சுதந்திரம் வேண்டும். கட்டிய முதல் சில நாள்கள் இலைகள் எல்லாம் தாறுமாறாக முறுக்கிக்கொண்டு நிற்கும். தொடாமல் விட்டால் ஒரு வாரத்தில் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மூன்று நான்கு வாரத்தில் கட்டை லேசாகத் தளர்த்தி, தண்டை மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு அசையாவிட்டால் வேர் பிடித்துவிட்டது. கீழ்க்கட்டுகளை அவிழ்த்து மேலே கொண்டுபோகலாம். புது இலை முந்தைய இலைக்காம்பின் உறையிலிருந்து, இறுகச் சுருட்டிய தாள்போல எட்டிப் பார்க்கும். அது விரிய ஐந்தாறு நாளோ அதற்கு மேலோ ஆகும். உதவி செய்கிறேன் என்று விரலால் பிரிக்காதீர்கள். நான் ஒரு முறை பிரித்தேன். அந்த இலை கிழிசலோடுதான் கடைசி வரை இருந்தது.

நீண்டு தொங்கும் பழைய கொடியை அப்படியே கம்பத்தில் ஏற்ற ஆசை வரும். முடியும், ஆனால் பழைய கணுக்களில் காய்ந்த காற்றுவேர்கள் மறுபடி பிடிப்பது அரிது. நுனித் துண்டை வெட்டிப் புதிதாகத் தொடங்குவதே வேகம்.

கம்பத்தின் உச்சியை எட்டியதும் மேலிருந்து அரை மீட்டரை வெட்டி எடுத்து, வேர்விடச் செய்து, கம்பத்தின் அடியிலிருந்து மறுபடி ஏற்றுங்கள். பெரிய இலை விட்ட நுனி, நட்ட பிறகும் பெரிய இலையே விடும் வாய்ப்பு அதிகம். தொங்கவிட்டால் மட்டும் மறுபடி சின்னதாகிவிடும்.

படி 5: வெட்டுவதும் பெருக்குவதும்

கணு இல்லாமல் கொடி இல்லை. வெறும் இலையும் காம்பும் தண்ணீரில் நின்று வேர்கூட விடலாம், ஆனால் புதுத் தளிர் ஒருபோதும் வராது. எனவே கணுவுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே வெட்டுங்கள். ஒரு துண்டில் ஒரு இலையும் இரண்டு கணுவும் இருந்தால் நிம்மதி.

கீழ்க்கணு தண்ணீருக்குள், இலை வெளியே. வெளிச்சமான, நேர் வெயில் படாத இடம். வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வேர் வரும். வேர் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆனதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்; தண்ணீரில் நீண்ட நாள் பழகிய வேர் மண்ணில் சுணங்கும். மாற்றிய முதல் இரண்டு வாரம் மட்டும் மண்ணைக் காயவிடாதீர்கள்.

தொட்டி அடர்த்தியாகத் தெரிய வேண்டுமானால் ஐந்தாறு துண்டுகளை ஒரே தொட்டியில் நடுங்கள். வெட்டிய தாய்க்கொடியும் வெட்டுக்குக் கீழே உள்ள கணுவிலிருந்து புதிதாகத் துளிர்க்கும்.

மண்ணே வேண்டாம், கண்ணாடிப் புட்டியிலேயே வளர்க்கிறேன் என்றாலும் சரி. வருடக்கணக்கில் இருக்கும், ஆனால் இலை சின்னதாகவே இருக்கும்; திரவ உரம் சில துளி அவ்வப்போது வேண்டும். மீன் தொட்டி இருந்தால் வேரை மட்டும் அதில் இறக்கிப் பாருங்கள். மீன்கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொண்டு செடி கொழுக்கும்.

உரம்

குறைவாகப் போடுங்கள். வளரும் பருவத்தில் மாதம் ஒரு முறை, புட்டியில் சொன்ன அளவில் பாதி. மண்புழு உரம் போதுமென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி. மண் மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பு சேர்கிறது என்று பொருள். நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு முறை அலசிவிடுங்கள். குளிர்காலத்திலும், நோயில் இருக்கும் செடிக்கும் உரம் வேண்டாம்.

இலை சொல்லும் சேதிகள்

அடி இலை ஒன்று எப்போதாவது மஞ்சளாகி விழுந்தால் வயசு, விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் நாலைந்து மஞ்சளானால் தண்ணீர் அதிகம். நுனி மட்டும் பழுப்பாகி மொறுமொறுவென்று காய்ந்தால் வறண்ட காற்று, அல்லது உப்பு. ஜன்னல் பக்கம் மட்டும் வெளிறிய திட்டு என்றால் வெயில். இலைக்கும் இலைக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது.

பூச்சிகளில் அதிகம் வருவது மாவுப்பூச்சி. இலைக்காம்பு சேரும் மடிப்பில் பஞ்சுபோல் ஒளிந்திருக்கும். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். பழுப்பு நிறத்தில் ஓடுபோல் தண்டில் ஒட்டியிருக்கும் செதில் பூச்சியை நகத்தால் சுரண்டலாம். இலையின் அடியில் மெல்லிய வலையும், மேலே ஊசி குத்தியதுபோன்ற புள்ளிகளும் தெரிந்தால் செஞ்சிலந்தி. செடியைக் குழாயடியில் நன்றாகக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, நான்கு வாரம். ஒரு தடவையோடு நிறுத்தினால் முட்டைகள் பொரித்து அதே கதை திரும்பும்.

இலையில் தூசி சேராமல் மாதம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்தாலே பாதிப் பூச்சியை முன்கூட்டியே பிடித்துவிடலாம். பளபளப்புக்காக எண்ணெய் தடவுவது வேண்டாத வேலை.

காற்றைச் சுத்தமாக்குமா?

இந்தக் கேள்வி எப்போதும் வரும். 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வில், மூடிய சின்ன அறைகளில் இச்செடி சில ரசாயனங்களைக் குறைத்தது உண்மை. ஆனால் வீட்டுக்குள் வந்துபோகும் காற்று ஏற்கனவே நீக்கும் அளவுக்கு ரசாயனங்களைச் செடிகளும் நீக்க வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்று 2019-இல் வந்த ஒரு மறுபரிசீலனை கணக்கிட்டது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், செடியை அழகுக்காக வளருங்கள்.

குழந்தைகள், பூனை, நாய்

சேம்பு ஏன் அரிக்கிறதோ அதே காரணம் இங்கேயும்: இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. மென்றால் வாய் எரியும், நாக்கு வீங்கும், எச்சில் வடியும், வாந்தி வரலாம். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் தெரிந்தால் உடனே மருத்துவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ போங்கள். தவழும் குழந்தையோ இலை கடிக்கும் பூனையோ இருக்கும் வீட்டில் எட்டாத உயரம்தான் வழி. வெட்டும்போது சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டி மாற்றுவது

ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்த்தாலோ, ஊற்றிய தண்ணீர் மறுநாளே காய்ந்தாலோ நேரம் வந்துவிட்டது. கம்பத்தில் ஏறிய செடியைக் கம்பத்தோடே தூக்கி மாற்றுங்கள், பிரித்தெடுக்கப் பார்க்காதீர்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மண்ணைப் போடலாம்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை வேலியோரத்திலோ மரத்தடியிலோ வீசாதீர்கள். பனி விழாத வெப்பமண்டல ஊர்களில் ஒரே ஒரு கணு போதும், அது மரத்தில் ஏறிவிடும். ஹவாய், இலங்கை உட்படப் பல இடங்களில் இது காட்டை மூடும் ஆக்கிரமிப்புக் கொடியாகவே மாறியிருக்கிறது. துண்டுகளை வெயிலில் பரப்பி, சருகாகும் வரை காயவைத்த பிறகே உரக்குழியில் போடுங்கள்.